பழைய சைக்கிளின் பீபீ அச்சைக் கழற்றி, கழுவி, மீண்டும் பூட்டுவது: முழுமையான வழிகாட்டி

பெடலை மிதிக்கும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை "டக்" என்று காலுக்கடியில் ஒரு சத்தம். இரண்டு கிராங்கையும் (பெடல் பூட்டிய கைகள்) கையால் பிடித்து ஆட்டினால் பக்கவாட்டில் மெல்லிய அசைவு. மேட்டில் ஏறும்போது மணல் அரைபடுவது போல ஒரு கரகரப்பு. பழைய ராலே, ஹம்பர், லுமாலா, ஹீரோ என்று எந்த வண்டியாக இருந்தாலும், இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் பீபீயைத் திறக்கும் நாள் வந்துவிட்டது. பிரேமின் அடியில், சீட் குழாயும் கீழ்க் குழாயும் வந்து சேரும் இடத்தில் குறுக்காக ஒரு குட்டைக் குழாய் இருக்கிறது. அதற்குள்ளே ஓர் அச்சு, இரண்டு பக்கமும் இரண்டு கப், கப்புகளுக்குள் போல்ஸ், அதாவது உருக்குக் குண்டுகள். பீபீ (பொட்டம் பிராக்கெட்) என்பது இவ்வளவுதான்.

2022இல் பெற்றோல் வரிசைகள் நீண்டபோது கொழும்பில் எத்தனையோ வீடுகளின் பின்புறத்திலிருந்து பழைய சைக்கிள்கள் வெளியே வந்தன. சில்லைப் பூட்டி, ரியூப் மாற்றி, செயினுக்கு எண்ணெய் விட்டு ஓடத் தொடங்கினார்கள். பீபீயை மட்டும் பெரும்பாலானோர் தொடவில்லை. கண்ணுக்குத் தெரியாத இடம் என்பது ஒரு காரணம். கழற்றுவது பெரிய பாடு என்ற பயம் மற்றது. அந்தப் பயத்துக்கு நியாயம் உண்டு. பழைய பீபீக்களைத் திறந்து பார்த்தால், தேய்மானத்தால் கெட்டவற்றைவிட முந்தைய தடவை கழற்றியவரின் சுத்தியலால் கெட்டவையே அதிகம். நசுங்கிய கொட்டர் பின் (கிராங்கை அச்சோடு பிணைக்கும் ஆப்பு ஆணி), தவறான பக்கம் திருகிக் கிழிந்த மரை, குழிபட்ட கப்: மூன்றும் அவசரத்தின் வேலை. இந்தப் பீபீ திறந்து பூட்டுவதற்கென்றே செய்யப்பட்ட ஒன்று. முறை தெரிந்து செய்தால் அரை நாள் வேலை. அதன்பின் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் ஓடும்.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

கழற்றுவதற்கு முன் இதை உறுதிசெய்யுங்கள். பாதிப் பேர் கொட்டர் பின் தளர்ந்ததைப் பீபீ போய்விட்டதாக நினைத்து எல்லாவற்றையும் கழற்றுகிறார்கள்.

கிராங்குகளை நிலத்துக்குச் சமாந்தரமாக வைத்து, ஒரு பக்கக் கிராங்கை மட்டும் பிடித்து உள்ளும் புறமும் ஆட்டுங்கள். மற்றக் கிராங்கும் கூடவே ஆடினால் அச்சில் ஆட்டம், பீபீ பிரச்சினை. பிடித்த கிராங் மட்டும் ஆடினால் அதன் கொட்டர் பின் தளர்ந்திருக்கிறது. அடுத்து, பிறேக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டு பெடலிலும் எழுந்து நில்லுங்கள். கிராங்கை அரைச் சுற்றுத் திருப்பி மறுபடி நில்லுங்கள். ஒரு பக்கம் "டக்" என்று சிறிது கீழே இறங்கினால் அதுவும் கொட்டர் பின்தான். பெடலின் போல்ஸ் தேய்ந்தாலும் இதே சத்தம் வரும் என்பதால் பெடலையும் தனியே சுற்றிப் பாருங்கள்.

கடைசிச் சோதனை: செயினைக் கிராங் சில்லிலிருந்து இறக்கிவிட்டு, ஒரு கையைச் சீட் குழாயில் வைத்துக்கொண்டு கிராங்கை மெதுவாகச் சுற்றுங்கள். குழாய் வழியாகக் கரகரப்பு கைக்கு வரும். நல்ல பீபீயில் கைக்கு எதுவும் தெரியாது.

எடுத்து வைக்க வேண்டியவை

ஒரு கிலோ எடையுள்ள சுத்தியல், கொட்டர் நட்டுக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்பானர், லொக் ரிங்கின் (இடப்பக்கக் கப்பை நகராமல் பூட்டும் வளையம்) வெட்டில் மாட்டும் கொக்கி ஸ்பானர், கப்பின் துளைகளில் மாட்டும் பின் ஸ்பானர், ஒரு தட்டை அரம், அரை அங்குல ஜீ.ஐ. குழாய்த் துண்டு ஒன்று, ஊடுருவும் எண்ணெய், மண்ணெண்ணெய், பழைய பல்துலக்கும் பிரஷ், சீலைத்துணி, வெறும் மீன் ரின் இரண்டு. கொக்கி ஸ்பானரும் பின் ஸ்பானரும் டாம் வீதிச் சைக்கிள் கடைகளில் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் மழுங்கிய உளியால் மெல்லத் தட்டியும் லொக் ரிங்கைக் கழற்றலாம்.

புதிதாக வாங்க வேண்டியவை: கால் அங்குல போல்ஸ் 22, கூட இரண்டு மூன்று விழுந்து தொலைவதற்கு, கொட்டர் பின் இரண்டு, நட்டும் வாசரும் சேர்த்து, தண்ணீரைத் தாங்கும் கிறீஸ். கொட்டர் பின்னைக் கழற்றிய பிறகு அதைக் கையில் எடுத்துக்கொண்டு போய் வாங்குங்கள். ஆங்கில முறை வண்டிகளில் பெரும்பாலும் 9.5 மி.மீ. பின். 9 மி.மீ. பின்னும் சந்தையில் உண்டு. கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. வேர்னியரால் அளக்க வேண்டும். 9.5 துளைக்குள் 9 பின்னை அடித்தால் இறுகியது போலத்தான் தெரியும், ஒரு வாரத்தில் மறுபடி "டக்".

எந்தப் பக்கம் திருக வேண்டும்?

இதை மட்டும் சுவரில் எழுதி வைத்துக்கொண்டு தொடங்கினாலும் தவறில்லை. ஆங்கில முறைப் பீபீயில், அதாவது இங்கு ஓடும் பழைய வண்டிகளில் மிகப் பெரும்பாலானவற்றில், இடப்பக்கக் கப் சாதாரண வலமரை. கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கம் திருகினால் கழலும். செயின் இருக்கும் வலப்பக்கக் கப் இடமரை. அதைக் கழற்ற, வலப்பக்கத்தில் நின்று பார்க்கும்போது கடிகார முள் ஓடும் பக்கம் திருக வேண்டும்.

ஏன் இப்படி? ஒரு பென்சிலை முஷ்டிக்குள் தளர்வாகப் பிடித்து, அதன் நுனியைக் கடிகாரப் பக்கமாக வட்டமிடச் செய்யுங்கள். பென்சில் தன்னைத்தானே எதிர்ப்பக்கம் உருளும். மிதிக்கும் பாரம் கப்பின் சுவரைச் சுற்றி வரும்போது கப்புக்கும் அதுவே நடக்கிறது: அச்சு ஒரு பக்கம் சுற்ற, கப் மெல்ல மெல்ல மறுபக்கம் நகரப் பார்க்கிறது. வலப்பக்கத்தில் சாதாரண மரை போட்டால் ஓட ஓடத் தானாகவே கழன்றுவிடும். அதனால்தான் அங்கே இடமரை. இத்தாலிய, பிரெஞ்சு முறைப் பிரேம்களில் இரண்டு பக்கமும் வலமரைதான். அப்படி ஒரு வண்டி கையில் வந்தால் முதலில் அதை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

கொட்டர் பின்: முக்கால் வேலை இங்கேதான்

முதல் நாள் மாலையே இரண்டு பின்னின் இரண்டு முனையிலும் ஊடுருவும் எண்ணெய் விடுங்கள். டபிள்யூ.டி.-40 போல ஏதாவது ஒன்று போதும், இல்லாவிட்டால் டீசல். நட்டைத் திறந்து வாசரை எடுத்துவிட்டு விட்டால் எண்ணெய் நேராக உள்ளே இறங்கும். காலையில் மறுபடி ஒரு தடவை.

நட்டு எந்தப் பக்கம் இருக்கிறது என்று தொலைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். பூட்டும்போது அந்தப் படம் அரை மணி நேரக் குழப்பத்தை மிச்சப்படுத்தும்.

செயின் கவரைக் கழற்றுங்கள். செயினை அதன் பூட்டுக் கண்ணியில் பிரித்து எடுங்கள். கிராங்கைச் சமாந்தரமாக, நட்டு மேலே பார்க்கத் திருப்புங்கள். இப்போது ஜீ.ஐ. குழாயை நிலத்தில் நிறுத்தி, அதன் மேல்வாய் கொட்டர் பின்னின் தலையைச் சுற்றிக் கிராங்கின் அடியில் முட்டும்படி வைக்க வேண்டும். பின் கீழே இறங்கும்போது குழாயின் வாய்க்குள் போகும். குழாயின் நீளத்தை எப்படி முடிவு செய்வது? இரண்டு சில்லும் நிலத்தில் நிற்கையில் தரையிலிருந்து கிராங்கின் அடிப்பக்கம் வரை அளந்து, அதோடு 3 அல்லது 4 மி.மீ. கூட்டி வெட்டுங்கள். குழாயை நிறுத்தியதும் சில்லுகள் நிலத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். வெட்டிய வாயை அரத்தால் மட்டமாக்குங்கள். சாய்வாக இருந்தால் அடிக்கும்போது நழுவும்.

இந்தக் குழாயைத் தவிர்த்துவிட்டு அடிப்பவர்கள்தான் பீபீயைக் கெடுக்கிறார்கள். கிராங் அந்தரத்தில் நிற்கும்போது சுத்தியல் அடி பின்னை நகர்த்தாது. பாதி விசை டயரில் போய்த் துள்ளும், மீதி அச்சின் வழியாகப் போல்ஸுக்குப் போய்க் கப்பின் பாதையில் குழி குழியாகப் பதியும். கொட்டர் பின்னைக் கழற்றப் போய்ப் பீபீயையே மாற்ற வேண்டி வரும்.

நட்டை, அதன் மேல்விளிம்பு பின்னின் முனையோடு சமமாகும் வரை மறுபடி பூட்டுங்கள். மரை நசுங்காமல் காப்பது அந்த நட்டுதான். ஒருவர் வண்டியை நேராகப் பிடித்திருக்க, நேர் மேலிருந்து ஒரே ஓர் அடி. பலமான, தயக்கமில்லாத அடி. பத்துச் சின்னத் தட்டல்கள் பின்னின் மரை முனையைக் காளானாக விரிக்குமே தவிர அதை நகர்த்தாது. பெரும்பாலும் முதலாவது அல்லது இரண்டாவது அடியில் "டொக்" என்ற சத்தம் மாறும். பின் விட்டுவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். நட்டைக் கழற்றி, மழுங்கிய கம்பியால் மீதியைத் தட்டி எடுங்கள்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் அடுக்குமாடியில் இருப்பவர்கள் இதை வீட்டுக்குள் செய்ய வேண்டாம். தள ஓடு நிச்சயமாக வெடிக்கும். கீழே வாகனம் நிறுத்தும் சீமெந்துத் தரையில், அடியில் ஒரு கனமான பலகை போட்டுச் செய்யுங்கள். சுத்தியலே வேண்டாம் என்றால் பலமான ஜீ கிளாம்ப் ஒன்றும், பின்னின் தலை உள்ளே போகுமளவு ஒரு சொக்கெட்டும் போதும்: சொக்கெட் தலைப் பக்கம், கிளாம்பின் திருகு மரைப் பக்கம். இறுக்கிவிட்டுக் கிளாம்பின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினால் பல தடவை விட்டுவிடும். மெலிந்த கிளாம்ப் விரிந்துபோகும்.

பின் வளைந்துவிட்டால் மேலும் அடிக்காதீர்கள். வளைந்த பின் துளைக்குள் ஆப்பு மாதிரி நிற்கும். மரைப் பகுதியை இரும்பு வாளால் கிராங்கோடு ஒட்ட அறுத்துவிட்டு, நடுவில் ஒரு குத்துப் போட்டு, 3 மி.மீ. துளையில் தொடங்கி, பிறகு 5, பிறகு 6.5 என்று பெரிதாக்குங்கள். கொட்டர் பின் மென்மையான இரும்பு, துளை நன்றாக ஏறும். உள்ளே வெறுமையானதும் மிச்சச் சுவர் அமுங்கி, ஓர் அடியில் வெளியே வரும். நடுவிலிருந்து விலகித் துளைத்தால் அச்சில் கைவைத்துவிடுவீர்கள் என்பதால் குத்துப் போடுவதில் அவசரம் வேண்டாம். தீ காட்டுவது கடைசி வழி. மண்ணெண்ணெயும் டீசலும் ஊறிய இடத்தில் தீயைக் கொண்டுபோக வேண்டாம்.

கழற்றிய பின்னை மறுபடி போடாதீர்கள். அதன் தட்டைப் பக்கத்தில் அச்சு பதிந்த தழும்பு இருக்கும். அந்தத் தழும்பில்தான் அடுத்த "டக்" பிறக்கும்.

கொஞ்சம் புதிய வண்டிகளில் கொட்டர் இருக்காது. அச்சின் முனை சதுரமாக, கிராங்கின் நடுவில் ஒரு போல்ட் இருக்கும். அதை 14 மி.மீ. சொக்கெட்டால் கழற்றி, அடியில் வாசர் தங்கிவிடவில்லை என்று பார்த்து, கிராங் இழுப்பானை முழு மரையும் ஏறும் வரை திருகிய பிறகே இழுக்க வேண்டும். பாதி மரையில் இழுத்தால் கிராங்கின் மரை மொத்தமாக உரிந்து வரும். கழற்றிய பிறகு உள்ளே கப்பும் போல்ஸும் இருந்தால் மீதி வேலை இங்கே சொல்வதேதான்.

உள்ளே இறங்குதல்

வண்டியை வலப்பக்கம் கீழாகப் படுக்க வையுங்கள். அடியில் ஒரு வெள்ளைத் துணி விரியுங்கள், விழும் போல்ஸ் கண்ணில் படும். இடப்பக்க லொக் ரிங்கைக் கடிகாரத்துக்கு எதிராகத் திருகிக் கழற்றுங்கள். பிறகு பின் ஸ்பானரால் கப்பை அதே பக்கம் திருகி மெதுவாக மேலே எடுங்கள். போல்ஸ் பழைய கிறீஸில் ஒட்டிக்கொண்டு கப்போடு வரும். சில அச்சிலும் நிற்கும். அச்சை மேலே இழுத்து எடுக்குமுன், எந்த முனை வலப்பக்கம் இருந்தது என்று அடையாளம் போடுங்கள். பெரும்பாலான அச்சுகளில் கிராங் சில்லுப் பக்கம் சற்று நீளம். மாற்றிப் போட்டால் செயின் கோடு விலகும், கிராங் பிரேமில் உரசும்.

போல்ஸை எண்ணுங்கள். பக்கத்துக்கு 11 இருக்க வேண்டும். குறைந்தால் குழாய்க்குள் தேடுங்கள். ஒன்று உடைந்து தூளாகியிருந்தால் அதன் துண்டுகள்தான் அந்தக் கரகரப்பு. சில வண்டிகளில் தகரக் கூட்டுக்குள் பதித்த போல்ஸ் இருக்கும். கூட்டில் எண்ணிக்கை குறைவு; ஒவ்வொரு குண்டுக்கும் பாரம் கூடுதல். கூடு வெடித்தால் அதன் துண்டே கப்பைக் கீறும். கூட்டை எறிந்துவிட்டுப் பக்கத்துக்கு 11 தனிப் போல்ஸ் போடுவதே நல்லது. கூட்டோடுதான் போடுவது என்றால், கழற்றும்போது எந்தப் பக்கம் பார்த்து இருந்ததோ அப்படியே போடுங்கள். திருப்பிப் போட்ட கூடு அச்சில் உரசி ஒரு வாரத்தில் அரைபட்டுவிடும்.

குழாய்க்குள் என்ன இருக்கிறது என்று டோர்ச் அடித்துப் பாருங்கள். கொழும்பு வண்டிகளில் இது ஒரு தனிக் காட்சி: கறள் தண்ணீர், அதில் குழைந்த கிறீஸ், சில வேளை ஒரு கரண்டி மண். சீட் கம்பி இறங்கும் இடத்தின் பிளவு வழியாக மழைத் தண்ணீர் சீட் குழாயில் இறங்கி நேராக இங்கே வந்து தங்குகிறது. மெரைன் டிரைவில் ஓடும் வண்டிகளுக்குக் கடல் உப்பும் சேர்ந்துகொள்ளும். 2016 மே வெள்ளத்தில் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் நீரில் நின்ற வண்டி எதையாவது இன்னும் திறக்காமல் வைத்திருந்தால், கப் அச்சோடு கறள் பிடித்து ஒரே துண்டாகியிருக்கும் என்று எதிர்பார்த்தே தொடங்குங்கள்.

கழுவலும் பார்வையும்

அச்சு, இடக் கப், லொக் ரிங் மூன்றையும் ஒரு மீன் ரின்னில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவையுங்கள். பிரஷ்ஷால் தேய்த்து, இரண்டாவது ரின்னில் புது மண்ணெண்ணெயில் அலசி, துணியால் துடைத்து உலரவிடுங்கள். பெற்றோல் வேண்டாம்: ஆவி வீட்டுக்குள் தங்கித் தீப்பிடிக்கும். அழுக்கு மண்ணெண்ணெயைக் கானில் ஊற்றாமல் ஒரு போத்தலில் அடைத்து வைத்தால், மண்டி அடியில் இறங்கியதும் மேல்தெளிவை அடுத்த தடவை பாவிக்கலாம்.

இப்போது தீர்ப்புச் சொல்லும் கட்டம். போல்ஸ் ஓடிய பாதை கப்பிலும் அச்சிலும் ஒரு பளபளப்பான வளையமாகத் தெரியும். வளையம் மட்டும் இருந்தால் நல்லது. அது தேய்மானமல்ல, ஓடிய தடம். ஒரு போல் பொயின்ட் பேனையின் முனையை அந்த வளையத்தின் மேல் மெல்ல இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போக வேண்டும். எங்காவது முனை விழுந்து எழுந்தால் அங்கே குழி இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத குழியையும் பேனை முனை காட்டிக்கொடுக்கும். குழிபட்ட பாதையில் புதுப் போல்ஸ் போட்டாலும் கரகரப்புப் போகாது. அந்தத் துண்டை மாற்ற வேண்டும். அச்சைக் கண்ணாடி ஒன்றின் மேல் உருட்டுங்கள். நுனி தள்ளாடினால் வளைவு. கொட்டர் உட்காரும் வெட்டுப் பகுதி அமுங்கி விளிம்பு எழும்பியிருந்தால் அந்த அச்சும் போகத்தான் வேண்டும்.

போல்ஸ் எப்படித் தெரிந்தாலும் மாற்றுங்கள். வண்டியில் மிக மலிவான பாகம் இதுதான். பழையதும் புதியதும் கலக்க வேண்டாம்: நூலளவு பெரிய குண்டு ஒன்று இருந்தால் பாரம் முழுவதையும் அது ஒன்றே சுமக்கும்.

வலப்பக்கக் கப்: தேவையில்லாமல் தொடாதீர்கள்

வலக் கப்பை அது இருக்கும் இடத்திலேயே துடைத்து, டோர்ச் அடித்து, பேனை முனையால் சோதியுங்கள். நன்றாக இருந்தால் அப்படியே விடுங்கள். மரை கறள் பிடித்து இறுகி இருப்பது அதற்கு நல்லதே.

மாற்றத்தான் வேண்டும் என்றால் உள்ளிருந்து ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓர் இரவு காத்திருங்கள். கப்பின் வெளிவிளிம்பில் இரண்டு தட்டைப் பக்கங்கள் இருந்தால் அவற்றை மேசை வைஸில் இறுக்கி, பிரேமையே நெம்புகோலாகப் பாவித்துச் சுற்றலாம். கப் கீழே வைஸில், பிரேம் மேலே கிடையாக இருக்கும்போது, மேலிருந்து பார்க்கையில் பிரேமைக் கடிகார முள் பக்கம் சுற்ற வேண்டும். பிரேமின் நீளம் தரும் பலத்துக்கு எந்த ஸ்பானரும் ஈடாகாது.

வைஸ் இல்லாவிட்டால் உருக்குப் போல்ட் முறை. 12 மி.மீ. போல்ட் சில வேளை தாங்காது. 14 அல்லது 16 நல்லது. போல்ட்டின் தலைக்கு அடியில் கப்பின் துளையைவிடப் பெரிய தடித்த வாசர் போட்டு, வெளியிலிருந்து கப்பின் துளை வழியே உள்ளே விடுங்கள். உள்ளே இன்னொரு வாசரும் நட்டும். இடப்பக்கத்திலிருந்து நீட்டிய சொக்கெட்டால் நட்டைப் பிடித்துக்கொண்டு, போல்ட் தலையைக் கடிகாரப் பக்கம் திருகுங்கள். அந்தச் சொக்கெட் குழாய்க்குள் நுழையுமா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் போல்ட் கப்பைக் கவ்வி இறுகும். மேலும் திருகினால் கப் இடமரையாதலால் அதே பக்கமே கழலத் தொடங்கும். இறுக்கும் திசையும் கழற்றும் திசையும் ஒன்றாகிவிடுவதுதான் இந்த முறையின் அழகு.

கடையில் கப் வாங்கும்போது

இங்கேதான் நல்ல பிரேம்கள் வீணாகின்றன. சாதாரணப் பீபீ கப்பில் அங்குலத்துக்கு 24 மரை. அந்தப் பிரேம்களில் குழாயின் அகலம் பெரும்பாலும் 68 மி.மீ. பழைய ராலே குடும்ப வண்டிகளில் அங்குலத்துக்கு 26 மரை. குழாயின் அகலம் 71 அல்லது 76 மி.மீ. இரண்டின் விட்டமும் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் 24 மரைக் கப் 26 மரைப் பிரேமில் இரண்டு மூன்று சுற்று ஏறிவிடும். பிறகு இறுகும். "கறள் போல இருக்கிறது" என்று ஸ்பானர் போட்டு அழுத்தினால் பிரேமின் மரை போய்விடும். போன மரையைத் திரும்பக் கொண்டுவருவது மிகக் கடினம்.

குழாயின் அகலத்தை வீட்டிலேயே அளந்துகொண்டு போங்கள். பழைய கப்பையும் கொண்டுபோங்கள். கடையில் புதுக் கப்பின் மரையைப் பழைய கப்பின் மரையோடு பல்லுக்குப் பல்லாகச் சேர்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஒரே மரை என்றால் இடைவெளியின்றிப் பொருந்தும். 24க்கும் 26க்கும் என்றால் இரண்டு மூன்று பல்லுக்கு அப்பால் வெளிச்சம் கசியும். 26 மரைக் கப் புதிதாகக் கிடைப்பது அரிது. ஆகவே ராலேயின் பழைய கப்பில் சின்னக் குழி ஒன்றிரண்டு இருந்தால், எறிவதைவிடப் புதுப் போல்ஸும் நிறையக் கிறீஸும் போட்டு ஓடுவது புத்தி. அச்சைப் பொறுத்தவரை முழு நீளத்தையும், இரண்டு பந்துப் பாதைகளுக்கு இடையிலுள்ள தூரத்தையும் பழையதோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

பூட்டுதல்

வலக் கப்பைப் புதிதாகப் போடுவதானால் மரைக்குக் கிறீஸ் பூசி, கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கம் திருகி, போகுமட்டும் இறுக்குங்கள். வண்டி வலப்பக்கம் கீழாகப் படுத்திருக்கட்டும். அப்போது வலக் கப் ஒரு கிண்ணம் மாதிரி மேலே பார்க்கும். அதில் கிறீஸைத் தாராளமாக அப்பி, இடப்பக்க வாய் வழியாக ஒவ்வொன்றாக 11 போல்ஸை அடுக்குங்கள். விரல் நுனியில் சிறிது கிறீஸ் இருந்தால் குண்டு ஒட்டிக்கொண்டு போகும். 11 வைத்ததும் அரைக் குண்டளவு இடம் மிஞ்ச வேண்டும். மிஞ்சுகிறதே என்று 12ஆவதைத் திணித்தால் எல்லாம் ஒன்றோடொன்று நெருக்கி அரைபடும்.

அச்சின் நீள முனையைக் கீழே விட்டு, போல்ஸ் குலையாமல் மெதுவாக இறக்குங்கள். விரலால் சுற்றிப் பாருங்கள். ஒரு குண்டு உள்ளே விழுந்திருந்தால் அச்சு சாய்ந்து நிற்கும்.

அடுத்தது ஐந்து நிமிட வேலை, பலன் பெரியது. ஒரு வெறும் தண்ணீர்ப் போத்தலை அறுத்து, இரண்டு கப்புக்கும் இடையிலான நீளத்துக்கு ஒரு பட்டை வெட்டுங்கள். பெரும்பாலும் 45 முதல் 50 மி.மீ. அகலம் வரும். அதைச் சுருட்டிக் குழாய்க்குள் விட்டால் தானாக விரிந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும். சீட் குழாயால் இறங்கும் கறளும் தண்ணீரும் இனி அந்தப் பட்டையின் வெளிப்பக்கமாகத்தான் ஓடும், போல்ஸுக்குள் போகாது. அகலம் கூடிப்போனால் கப்பில் உரசும், வெட்டிக் குறையுங்கள்.

இடக் கப்பிலும் கிறீஸ் அப்பி, 11 போல்ஸ் பதித்து, மரைக்கும் கிறீஸ் பூசிக் கையால் திருகுங்கள். கையால் நாலு ஐந்து சுற்று இலகுவாக ஏற வேண்டும். ஏறாவிட்டால் மரை கோணலாகப் பிடித்திருக்கிறது. உடனே பின்னால் திருகி எடுத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

இறுக்கம் பார்ப்பது கைப்பழக்கம். கப்பை மெதுவாகத் திருகி, அச்சு சுற்றத் தடுமாறும் இடத்தில் நிறுத்துங்கள். அதிலிருந்து மிகச் சிறிதே, ஒரு சுற்றின் எட்டிலொரு பங்குக்கும் குறைவாக, பின்னால் விடுங்கள். கப்பைப் பின் ஸ்பானரால் அசையாமல் பிடித்துக்கொண்டு லொக் ரிங்கை இறுக்குங்கள். லொக் ரிங் இறுகும்போது கப்பைச் சற்று வெளியே இழுக்கும் என்பதால் ஆட்டம் ஒரு நூல் கூடும். அதை எதிர்பார்த்து ஒரு நூல் இறுக்கமாகவே வைத்து லொக் செய்யுங்கள். மூன்று நாலு தடவை திருப்பிச் செய்ய வேண்டி வரும். அதில் சலிப்படையாதீர்கள்; மொத்த வேலையின் பலன் இந்த ஒரு படியில்தான் இருக்கிறது. சரியாக வந்தால், அச்சை விரலால் சுற்றும்போது கிறீஸின் கனம் மட்டும் தெரியும், கரகரப்போ ஆட்டமோ தெரியாது. ஒரு சுற்றில் ஓரிடத்தில் இறுகி ஓரிடத்தில் தளர்ந்தால் அச்சு வளைந்திருக்கிறது, அல்லது கப் கோணலாக உட்கார்ந்திருக்கிறது.

புதுக் கொட்டர் பின்

இரண்டு பின்னும் எதிரெதிர்த் திசையில் போக வேண்டும். வலக் கிராங்கை முன்னோக்கி நீட்டும்போது அதன் நட்டு மேலே இருந்தால், இடக் கிராங்கை முன்னோக்கித் திருப்பும்போதும் அதன் நட்டு மேலேயே வர வேண்டும். மாறிப் போனால் இரண்டு கிராங்கும் ஒரே கோட்டில் நிற்காது. மிதிக்கும்போது நொண்டுவது போல இருக்கும்.

கடையில் வரும் பின்னின் தட்டைப் பக்கம் அநேகமாக நேரடியாகப் பொருந்தாது. மார்க்கர் பேனையால் அந்தப் பக்கத்தைக் கறுப்பாக்கி, துளைக்குள் விட்டு ஒரு தட்டுத் தட்டி, திருப்பி எடுத்துப் பாருங்கள். மை அழிந்த இடம்தான் அச்சைத் தொடும் இடம். ஓர் ஓரத்தில் மட்டும் அழிந்தால் அந்த ஓரத்தை அரத்தால் மெல்ல இழுத்துச் சமப்படுத்துங்கள். பக்கம் முழுவதும் அழியும் வரை இதைச் செய்யுங்கள். அரத்தை ஆட்டாமல் தட்டையாக இழுக்க வேண்டும். வட்டமாகிவிட்ட பின் ஒரு கோட்டில் மட்டும் தொட்டு, சீக்கிரம் தளரும். இரண்டு பின்னிலும் ஒரே அளவு அராவுங்கள். அதிகம் அராவினால் பின் ஆழமாகப் போய் மரை முடிந்துவிடும், நட்டு இறுகாது.

மெல்லிய எண்ணெய்ப் பூச்சோடு பின்னை விட்டு, மறுபடி அந்த ஜீ.ஐ. குழாயைக் கிராங்குக்கு அடியில் கொடுத்து, இந்தத் தடவை தலைப் பக்கத்திலிருந்து அடியுங்கள். பிறகு வாசரும் நட்டும். பின்னை உள்ளே இழுப்பது சுத்தியலின் வேலை, நட்டு அதைப் பிடித்து வைக்க மட்டுமே. நட்டால் இழுக்கப் பார்த்தால் அந்த மென்மையான மரை உரிந்துவிடும். அடி, நட்டை இறுக்கு, மறுபடி அடி, மறுபடி இறுக்கு: இரண்டு சுற்றுப் போதும்.

செயினை மாட்டி, நடுவில் மேலும் கீழும் ஒரு சென்ரிமீற்றர் அளவு தளர்வு இருக்கும்படி பின் சில்லை வையுங்கள். பூட்டுக் கண்ணியின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும்.

30 முதல் 50 கி.மீ. ஓடியதும் கொட்டர் பின்னை மறுபடி ஒரு தடவை அடித்து நட்டை இறுக்குவது கட்டாயம். புதுப் பின் ஓட ஓடத்தான் அச்சில் சரியாக உட்காரும். அப்போது ஏற்படும் சிறு தளர்வை விட்டுவைத்தால் தட்டைப் பக்கம் நசுங்கத் தொடங்கும். அதே நேரம் கிராங்கைப் பிடித்துப் பீபீயின் ஆட்டத்தையும் பாருங்கள். சிறிது இருந்தால் லொக் ரிங்கைத் தளர்த்தி ஒரு நூல் இறுக்கினால் சரி.

தண்ணீரை வெளியே வைத்திருக்க

சீட் கம்பியில் கிறீஸ் பூசிப் போடுங்கள். பழைய ரியூபிலிருந்து இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு வளையம் வெட்டி, கம்பியும் குழாயும் சேரும் இடத்தில் பிளவை மூடி இழுத்து மாட்டுங்கள். மழைத் தண்ணீரின் முக்கிய வழி அதோடு அடைபடும். பீபீ குழாயின் அடியில் ஏற்கெனவே துளை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதைக் கம்பியால் குத்தித் திறந்து வையுங்கள். இல்லாவிட்டால், உள்ளே அச்சு இல்லாத நேரத்தில், மிகத் தாழ்ந்த புள்ளியில் 3 மி.மீ. துளை ஒன்று போடலாம்.

பழைய ராலே, ஹம்பர் வண்டிகளில் பீபீ குழாயின் மேல் சிறிய மூடியோடு ஓர் எண்ணெய் வாய் இருக்கும். எண்ணெயில் ஓடும்படி செய்த பீபீ அது. கிறீஸ் போட்டுப் பூட்டிய பிறகு அந்த வாயால் மாதாமாதம் எண்ணெய் விட்டால் கிறீஸ் கரைந்து வெளியே ஒழுகும். ஒன்றில் கிறீஸ், அல்லது எண்ணெய். எண்ணெய் என்றால் எஸ்.ஏ.ஈ. 30 எஞ்சின் எண்ணெய் சில துளிகள், மாதம் ஒரு தடவை. மூடி தொலைந்திருந்தால் உடனே எதையாவது வைத்து அடையுங்கள், அந்த ஓட்டையால் மணலும் தண்ணீரும் நேரே உள்ளே போகும்.

தினமும் மழையிலும் ஓடும் வண்டிக்கு வருடம் ஒரு தடவை திறந்து கிறீஸ் மாற்றுவது சரியான கணக்கு. கொழும்பில் மழை குறைவான ஜனவரி, பெப்ரவரி அதற்கு வசதி. கழுவியவை ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். சில்லின் ஹப் மூழ்குமளவு வெள்ளத்தில் ஓட்டியிருந்தால் அடுத்த ஜனவரிக்குக் காத்திருக்க வேண்டாம். அந்த வாரமே திறந்து, பின் ஹப்பையும் கூடவே பாருங்கள். சாதாரணப் பின் ஹப்புக்கும் இதே கால் அங்குலப் போல்ஸ்தான், பக்கத்துக்கு 9.